நிற்காத மோட்டார்

“இன்னும் நிக்கலையா?” என்று போனில் கேட்டாள் மனைவி.

“காலையிலேர்ந்து ஓடுது. அப்பா போனையும் எடுக்க மாட்டேங்கறார். நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். மனசே சரியில்ல.”

அலுவலகப் படிக்கட்டில் இறங்கியபடியே மீண்டும் போன் திரையைப் பார்த்தான். கிராமத்து வீட்டு மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் கோடு இறங்காமல் ஒரே மட்டத்தில் நீண்டுகொண்டிருந்தது. இங்கிருந்து பார்க்கத்தான் முடியும், நிறுத்த முடியாது.

அம்மா போன பிறகு அவன் செய்த ஏற்பாடு அது. அந்த வீட்டில் எது எப்போது ஓடுகிறது என்று போனில் காட்டும் ஒரு கருவியை மின்பெட்டியில் பொருத்திவிட்டு வந்திருந்தான். காலையில் மோட்டார் ஓடினால் அப்பா எழுந்துவிட்டார். இரவில் விளக்கு அணைந்தால் படுத்துவிட்டார். நேரில் போய்ப் பார்க்கும் தேவை அவனுக்கு மெல்ல மெல்லக் குறைந்துபோனது.

போன கோடைக்குப் பிறகு அங்கே மின்சாரச் செலவு கூடியிருந்தது. வாங்கிக் கொடுத்தும் தொடாமல் வைத்திருந்த வெந்நீர் ஹீட்டரை ஒருவழியாகப் போட ஆரம்பித்துவிட்டார் என்று மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

ஆனால் மோட்டாரை இப்படி ஓடவிடுகிற ஆள் அப்பா இல்லை. தொட்டி வழியும் முன்பே ஓடிப்போய் நிறுத்துவார். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவார். சுவிட்சைப் போட்ட கையோடு எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ?

யாரையாவது எட்டிப் பார்க்கச் சொல்லலாம் என்றால், பக்கத்து வீட்டார் ஒருவருடைய எண்ணும் அவனிடம் இல்லை. காரை இன்னும் வேகமாக விரட்டினான்.

வழியெல்லாம் போன கோடைதான் நினைவில் வந்து குத்தியது. “நான் வேணா அங்க வந்து உங்களோட இருக்கட்டுமாடா?” என்று அப்பா கேட்டிருந்தார்.

“இங்க தண்ணி லாரிக்குத் தவம் கெடக்கறோம்ப்பா. ஆளுக்கு ரெண்டு பக்கெட்தான். நீங்க எதுக்கு வந்து கஷ்டப்படணும்? மழை வரட்டும், பார்க்கலாம்.”

மழை வந்தது. அவன் கூப்பிடவில்லை. அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சோடு சரி. போன வாரம்கூட, “என்னப்பா, ஒரே ஹாரன் சத்தமா இருக்கு?” என்றபோது, “டிவிடா. நீ சாப்ட்டியா?” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

வீட்டை நெருங்கும்போதே மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் சுவர் வழியே கொட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. முற்றம் முழுக்கச் சேறு. “அப்பா!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எதிரே வந்தாள். “மெக்கானிக்கா? சீக்கிரம் பாருங்கண்ணா. ஸ்டார்ட்டர் ஒட்டிக்கிச்சு, ஆஃப் ஆகவே மாட்டேங்குது. ஷாக் அடிச்சுடுமோன்னு பயமா இருக்கு.”

அவன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான். மோட்டார் நின்றது.

“அப்பா எங்கம்மா?”

“எந்த அப்பா?”

“இந்த வீட்டுக்காரர். நான் அவரோட மகன்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பெரியவரா? எங்களக் குடிவச்சுட்டுப் போயி வருஷம் ஆகப்போகுதே. மகன் கூப்பிட்டுட்டான், இனிமே அவன்கூடத்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போனாரு. ஏன், உங்ககூட இல்லையா?”

அவன் அங்கேயே, ஈரத் தரையில், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பாக்கெட்டில் போன் அடித்தது. அப்பா.

“என்னடா, இத்தன தடவ கூப்பிட்டிருக்க? போனை வச்சுட்டு வெளிய போயிட்டேன், இப்பத்தான் பார்த்தேன்.”

“எங்கப்பா இருக்கீங்க?”

“வீட்டுலதாண்டா. வேற எங்க போகப்போறேன்?”

அவர் பேச்சுக்குப் பின்னால் ஹாரன்கள் அலறின. மணி அடித்தது. ஒரு கூட்டம் குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது.

அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, போனுக்கு மிக அருகில், ஒரு சின்னக் குரல் கிசுகிசுத்தது. காலையில் அவனே பள்ளி வாசலில் இறக்கிவிட்ட அவன் மகளின் குரல்.

“பயப்படாதீங்க தாத்தா, நான் அப்பாகிட்ட சொல்லவே மாட்டேன்.”