அரை மணி பிந்திய முகம்

பாரிஸ் மருத்துவமனையில் மகள் யதுஷாவைக் குடல்வால் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, தர்ஷிகாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். கணவன் கஜீபன் அதே நகரில் போக்கர் சீட்டாட்டப் போட்டியின் இறுதி மேசையில் இருந்தான். வெளியிலிருந்து யாரும் சீட்டைச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாதென்று, மேசையிலிருந்து வரும் படத்தையும் வீட்டார் மேசைக்கு அனுப்பும் குரற்செய்தியையும் அரை மணி நேரம் பிடித்துவைத்துத்தான் விடுவார்கள். “பிள்ளைக்கு ஒப்பரேசனாம், உடன வாங்கோ” என்று அவள் பிள்ளையை உள்ளே கொண்டுபோனபோதே செய்தி அனுப்பிவிட்டாள்.

சுவர்த் தொலைக்காட்சியில் அவன் சீட்டைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அது அரை மணிக்கு முந்திய சிரிப்பு என்று தெரிந்தும் அவளால் பொறுக்க முடியவில்லை.

“இதுக்குள்ள என்ன சிரிப்பு உங்களுக்கு?” என்று திரையிடமே கேட்டுவிட்டாள்.

“யதுஷா எங்க?”

திரும்பினாள். வாசலில் கஜீபன் மூச்சு வாங்க நின்றான்.

“உள்ள. நான்தான் கையெழுத்து வைச்சன். உங்கட விளையாட்டு?”

“விட்டிட்டு வந்திட்டன்.”

சற்று நேரத்தில் தாதி வந்து, எல்லாம் நல்லபடி முடிந்தது, பிள்ளையைப் பார்க்கலாம் என்றாள். கஜீபன் உள்ளே ஓடினான். பின்னால் போகத் திரும்பிய தர்ஷிகா, திரையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அங்கே அவன் அப்போதுதான் காதுக் கருவியைப் பொத்திக்கொண்டு அவளுடைய செய்தியைக் கேட்டான். சிரிப்பு அணைந்தது. உதடு நடுங்கியது. எந்த மேசையிலும் யாருக்கும் காட்டாத முகத்தை ஊருக்கே காட்டிக்கொண்டு, கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“வாருமப்பா!” என்று கஜீபன் உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

“வாறன்” என்றாள். கண்ணைத் துடைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.