முப்பதாயிரம் பேர்

"முப்பதாயிரம் பேருக்கும் ஒரே மூஞ்சியா? பார்க்கிறவன் சிரிப்பான்மா. பத்து முகமாவது போடு!"

மேலாளர் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது. மகள் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பத்து போட்டா மெஷின் மூச்சு முட்டிரும் சார். ஒரு முகத்துக்கு நாலாயிரம் புள்ளி."

"பத்துக்கெல்லாம் முட்டாது. எனக்கே கதை விடறியா?"

"தொப்பி, தாடி, நிறம், உயரம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் சார். தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. இந்த ஒண்ணு போதும்."

"போதும்னா, அதாவது உருப்படியா இருக்கா? மூக்கு கோணல். பாதி முகத்தை மட்டும் வச்சுக்க. எண்ணுக்கு முன்னாடி மைனஸ் போட்டா, கண்ணாடியில தெரியற மாதிரி மறுபாதி தானா வந்துரும். மூக்கும் நேராகும், புள்ளியும் பாதியாகும்."

"மூக்கில கை வைக்காதீங்க சார்."

மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அப்பா நெளிந்தார். மகள் வேலை செய்த கம்ப்யூட்டர் கால்பந்து விளையாட்டு இன்று முதல்முறையாகத் திரையில் ஓடப்போகிறது, குடும்பத்தோடு வரலாம் என்று அழைத்திருந்தார்கள். மனைவியோடும் மச்சானோடும் சீக்கிரமே வந்துவிட்டார். வந்த இடத்தில் மகள் திட்டு வாங்குவதைப் பார்க்க நேரும் என்று நினைக்கவில்லை.

மேலாளர் நகர்ந்ததும் மெல்லக் கேட்டார். "புள்ளின்னா என்னம்மா?"

"முகத்தில ஒரு இடம்பா. பக்கவாட்டில எவ்வளவு, உயரம் எவ்வளவு, ஆழம் எவ்வளவுன்னு மூணு எண். அப்படி நாலாயிரத்தை வரிசையா அடுக்கினா ஒரு முகம். எல்லா எண்ணோடயும் கொஞ்சம் கூட்டினா, அதே முகம் பக்கத்து சீட்டில உட்கார்ந்திருக்கும்."

"எங்க கம்பெனி பிஸ்கட் அச்சு மாதிரி. அச்சு ஒண்ணு, விழறது ஆயிரம்."

"அதேதான்பா!"

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை இன்னும் பிஸ்கட்டிலேயே நிக்கறார். இதில ஹீரோவா ஓடற எங்க பையன் முகத்துக்கு மட்டும் லட்சம் புள்ளியாம். சுத்தி கேமரா வச்சு, நடுவுல நிறுத்தி எடுத்தாங்க. ஹீரோன்னா சும்மாவா? நம்ம பொண்ணு என்ன பண்ணியிருக்கா? ஓ... கூட்டமா!"

"கூட்டமில்லாத மைதானத்தில உங்க பையன் கோல் போட்டா, காக்காதான் கைதட்டணும் மச்சான்."

மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். சொல்லிவிட்டாரே தவிர, அவருக்குள் முள் தைத்தது தைத்ததுதான். அந்தக் கூட்டம் மட்டும் ஒழுங்காக வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

மேலாளர் திரும்பி வந்தார். "எங்கே, ஒரு தடவை ஓட்டு."

ஓட்டினாள். எள்ளைத் தூவினாற்போல் கேலரியில் ஆட்கள் தோன்றினார்கள். தோன்றிய வேகத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்து, கூரையைத் தாண்டி, கோடு கிழித்தாற்போல் வானத்துக்குப் போனார்கள்.

"என்ன மாப்பிள்ளை, ஆட்டம் தொடங்குறதுக்குள்ள கூட்டம் வீட்டுக்குக் கிளம்பிருச்சு?" என்றார் மச்சான்.

"இனி நேரமில்லை" என்றார் மேலாளர். "ஆளுகளைத் தூக்கிரு. கூட்டம் மாதிரி ஒரு படம் வரைஞ்சு பின்னாடி தொங்கவிட்டுரலாம்."

மகள் முகம் வெளுத்தது. "வேணாம் சார். கொஞ்சம் பொறுங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

எதற்கும் கெஞ்சாத பெண். அவள் வரி வரியாகப் படித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"யாரோ மூலப் புள்ளிகளையே நகர்த்தியிருக்காங்க. முதல்ல இருந்த இடத்திலிருந்து கூட்டாம, நகர்ந்த இடத்திலிருந்து கூட்டுது. அதான் ஒவ்வொருத்தனும் முன்னாடி போனவனைவிடத் தள்ளிப் போறான்."

"அச்சே நகர்ந்துருச்சா?" என்றார் அவர்.

"ஆமாம்பா. மூலத்தைத் தொடவே கூடாது."

மேலாளர் இருமினார். "அது... வேகமா ஓடட்டுமேன்னு நேத்து நான்தான் அந்த வரியை..."

மகள் ஒரு வரியை அழித்தாள், ஒரு வரியை எழுதினாள். மறுபடி ஓட்டினாள். அத்தனை பேரும் அவரவர் இருக்கையில் சமர்த்தாக உட்கார்ந்தார்கள். நாற்காலி நுனியிலிருந்தவர் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்து, மச்சானை ஒரு பார்வை பார்த்தார்.

எல்லோரும் பக்கத்து அரங்குக்குப் போய் உட்கார்ந்ததும் விளக்குகள் அணைந்தன. சுவரளவு திரையில் மச்சான் மகன் பந்தோடு பாய்ந்தான். "என் பையன்! அது என் பையன்!" என்று மச்சான் எழுந்தே நின்றுவிட்டார். பந்து வலையில் விழுந்தது. முப்பதாயிரம் பேரும் ஒரு தடங்கலில்லாமல் எழுந்து கைதட்டினார்கள். அவர் பார்வை மகள் மேல்தான் இருந்தது. இது என் பொண்ணு செஞ்சது என்று எழுந்து கத்த அவருக்கு வாய் வரவில்லை.

காட்சி மெல்ல மெல்லக் கேலரிப் பக்கம் நெருங்கியது. மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏங்க... முன்வரிசையில அந்தத் தாடிக்காரரைப் பாருங்க."

பார்த்தார். பக்கத்தில் தொப்பிக்காரனைப் பார்த்தார். அடுத்தவனை, அதற்கும் அடுத்தவனை. மச்சான் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கேட்டா விடமாட்டீங்கன்னு, நீங்க பேப்பர் படிக்கும்போது போன்ல சுத்திச் சுத்திப் படம் எடுத்துக்கிட்டேன்பா" என்று காதோரம் கிசுகிசுத்தாள் மகள்.

மைதானத்தில் ஹீரோ ஒருவன்தான். எழுந்து நின்று கைதட்டிய முப்பதாயிரம் பேரும் அவரேதான்.