கல்திருப்பியின் இடது கால்

"சத்தியமாச் சொல்றேன் டாக்டர், அந்தாளு பறவை பாக்க வரல. புடிக்க வர்றான்."

ஸ்டுடியோக்காரர் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டே கிசுகிசுத்தார். டாக்டர் என்றது பறவைக் குழுவின் தலைவியான பல் டாக்டரை. கொஞ்சம் முன்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் சேற்றில் நடந்து போகும் பேக்கரிக்காரர் மேலேயே அவள் கண் இருந்தது.

போன மாதம் இதே கடற்கரைச் சேற்றில் எவனோ விரித்த வலையில் உள்ளான் பறவைகள் செத்துத் தொங்கின. அவள்தான் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தாள். வலை விரித்தவன் அகப்படவே இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பேக்கரிக்காரர் குழுவில் வந்து சேர்ந்தார். கடையில் கூட்டம் அலைமோதும் நாளில் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வருகிற ஆள்.

மனுஷனுக்குக் கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது. தலைக்கு மேல் கழுகே வட்டமடித்தாலும் நிமிர மாட்டார். பார்ப்பதெல்லாம் பறவைகளின் கால்களை. கேட்பதெல்லாம், "தண்ணி ஏறுனா இதுங்க எங்க ஒதுங்கும்? எவ்ளோ பக்கத்துல போலாம்?"

"என்ன பேக்கரி, அதுங்களுக்குச் செருப்பு தைக்க அளவு எடுக்கிறீங்களா?" என்று ஸ்டுடியோக்காரர் வாரம் தவறாமல் கலாய்ப்பார். குழுவே சிரிக்கும். அவரும் கூடவே சிரித்துவிட்டு, மறுபடியும் கால்களுக்குத் திரும்பிவிடுவார்.

"அந்த பைனாகுலரப் பாருங்க டாக்டர். அதை வாங்க நீங்களே ரெண்டு தடவ யோசிப்பீங்க. பன்னு விக்கிறவருக்கு ஏது?"

டாக்டருக்கும் அது உறுத்தியது. பைனாகுலரின் வார் அவருக்குக் கட்டை. தாடைக்குக் கீழேயே தொங்கிக்கொண்டு கழுத்தை அறுத்தது. "நீட்டி விட்டுக்கங்களேன், கழுத்து புண்ணாயிடும்" என்று அவள் ஒருமுறை கை நீட்டியபோது, பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"வேணாம்மா. இருக்கிறபடியே இருக்கட்டும்."

இன்றைக்கு இந்தப் பருவத்தின் கடைசிச் சுற்று. தின்று கொழுத்த பறவைகள் வடக்கே கிளம்பத் துடித்துக்கொண்டிருந்தன. பேக்கரிக்காரர் நின்று, அவள் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"டாக்டரம்மா, கல்திருப்பின்னு ஒண்ணு. இடது கால்ல பச்சைக் கொடி இருக்கும். எக்ஸ் ஏழுன்னு எழுதியிருக்கும். இன்னைக்காவது கண்ணுல படுமா? ஒரே ஒருவாட்டி பாத்துட்டேன்னா போதும், அப்புறம் உங்க பக்கமே வர மாட்டேன்."

பறவை எங்கெங்கே போய் வருகிறது என்று தெரிந்துகொள்ள, ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதைப் பிடித்து, காலில் நகத்தளவு பிளாஸ்டிக் கொடி மாட்டிப் பறக்க விடுவார்கள். அது எப்படி நம்பரோடு இவருக்குத் தெரியும்?

அவர் நகர்ந்ததும் ஸ்டுடியோக்காரர் ஓடி வந்தார். "பச்சையா கேட்டான்? ஆத்து முகத்துல முகாம் போட்ட காலேஜ் புள்ளைங்க மாட்டின கொடி அது. படகு கவுந்து உசுரு போனதோட முகாமையே மூடிட்டாங்களே. இனிமே பச்சை வராது. அபூர்வச் சரக்கு டாக்டர், எவனோ ஆர்டர் குடுத்திருக்கான்!"

பாறைத் திட்டில் கல்திருப்பிகள் கூட்டமாக இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் குட்டிக் குட்டிக் கல்லை மூக்கால் புரட்டி, அடியில் இருப்பதைக் கொத்திக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் முழங்காலை மடக்கிச் சேற்றிலேயே உட்கார்ந்தார். பைனாகுலர் ஒரு பறவையோடு கூடவே நகர்ந்தது. சட்டென்று நின்றது.

அவர் தோள் குலுங்கியது. தவழ்கிற மாதிரி முன்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையை மட்டும் தோள் பைக்குள் விட்டுத் துழாவினார்.

"வலை! வலைய எடுக்கிறான் டாக்டர்!"

பறவைகளின் பக்கத்தில் இருமக்கூடக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. அந்த விதியைப் போட்டவளே எழுந்து நின்று, இரண்டு கையையும் ஓங்கிப் பலமாகத் தட்டினாள். தட்டிக்கொண்டே சேற்றில் ஓடினாள்.

மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் எழும்பியது. கடலுக்கு மேல் ஒருமுறை வளைந்து, வடக்கே திரும்பி, புள்ளிகளாகி, ஒன்றுமில்லாமல் போனது.

பைக்குள் போன கை மெல்ல வெளியே வந்தது. அதில் இருந்தது ஒரு மூக்குக் கண்ணாடி.

"பச்சைதாம்மா," என்றார் வானத்தைப் பார்த்தபடியே. "எக்ஸுன்னு தெரிஞ்சுது. பக்கத்துல இருந்த நம்பர்தான்... கண்ணாடி இல்லாம படிக்க முடியல. அதான் எடுக்கப் போனேன்."

தட்டித் தட்டி எரிந்த கையோடு டாக்டர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். ஆனாலும் குரலை இறக்கவில்லை. "நடிக்காதீங்க. அந்தக் கொடி உங்களுக்கு எதுக்கு? யாருக்குக் குடுக்க?"

அவருக்குக் கோபமே வரவில்லை. சேறு படாத புறங்கையால் பைனாகுலரின் கட்டை வாரை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"என் பொண்ணு கடைசியா மாட்டின கொடிம்மா அது."