ஆதியம்மாள் கூப்பிடுகிறாள்

விளக்கு வைக்கிற நேரமானால் போதும், செத்துப்போன ஆதியம்மாள் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள்.

"மூர்த்தி... டேய், மூர்த்தி..."

அதே இழுப்பு, அதே இருமல். ஆனால் குரல் வருவது மகள் வச்சலாவின் வாயிலிருந்து. அண்ணன் மூர்த்தி காதைப் பொத்திக்கொள்வான். அண்ணி சொர்ணம் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவாள்.

வச்சலா பிறந்ததிலிருந்தே ஒரு தினுசு. வளர்ந்து பெரியவளாகியும் தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் திடீரென்று டிரான்சிஸ்டரில் கேட்ட புயல் எச்சரிக்கையை அதே குரலில் சொல்வாள். செங்கல்பட்டு பஸ் கண்டக்டர் மாதிரியே, 'திருக்கழுக்குன்றம் எல்லாம் எறங்கு' என்பாள். குப்பமே சிரிக்கும். சிரித்தவர்கள்தான் அவளைச் செவிடு என்றும் சொன்னார்கள்.

இப்போது யாரும் சிரிப்பதில்லை. போதாக்குறைக்கு, அம்மா சாகும்வரை படுத்திருந்த மூலையில் தினமும் ஒரு லோட்டா தண்ணீர் வைக்கிறாள். பேய்க்குத்தான் வைக்கிறாள் என்று சொர்ணம் சொன்னாள்.

"கருமாதில இன்னா கொற வெச்சேன்? மகாபலிபுரமே வந்து துன்னுட்டுப் போச்சி" என்று மூர்த்தி புலம்பினான். வாஸ்தவம்தான். அப்படியொரு படையலை அந்தக் கரையில் யாரும் போட்டதில்லை.

பேயை ஓட்டப் பூசாரி சடையன் வந்தார். அது போகாவிட்டால் வச்சலாவைச் சங்கிலி போட்டு ஏதாவது கோயிலில் விட்டுவிடுவது என்று அண்ணனும் அண்ணியும் பேசி வைத்திருந்தார்கள். வாசலில் ஒரே கூட்டம்.

வச்சலா நடுவீட்டில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். கடல் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. விளக்கு ஏற்றியதும் குரல் வந்தது.

"மூர்த்தி..."

சடையன் வேப்பிலையை ஓங்கினார். "இன்னா வோணும்?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல அவள் ஆட்டம் நின்றது.

"தாகமா கீதுடா. ஒரு வாய் தண்ணி."

தண்ணீர் கொண்டுவரச் சொல்லப் பூசாரி திரும்புவதற்குள் குரல் மாறியது. கட்டைக் குரல். ஆண் குரல்.

"சும்மா கெட. சாவறதும் இல்ல, தூங்க வுடறதும் இல்ல."

அது மூர்த்தியின் குரல்.

சடையன் ஓங்கிய வேப்பிலையை இறக்கினார். அவர் மெதுவாக மூர்த்தியைப் பார்த்தார்.

"செத்தவங்க பேசிக் கேட்டுக்கீறேன். நீ உசுரோட கீறியேப்பா. உன் கொரலு எப்டி வருது?"

மூர்த்தி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான்.

வச்சலா எழுந்து மூலைக்குப் போனாள். வெறுந்தரையில் ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிப்பது போல ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையால் லோட்டாவை மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் தரையில் ஓடியது.

மறுபடி அம்மாவின் குரல் வந்தது. இப்போது இருமல் இல்லை.

"போதும், கண்ணு. இந்த வூட்ல உனக்கு மட்டுந்தான் காது கேக்குது."