தொடாதோர் கட்சி

மண்டபச் சுவரிலும் சரியாகப் பத்து மணி, இரத்தினவேலரின் கையிலும் சரியாகப் பத்து மணி. கதிரைகளில்தான் ஆட்கள் இல்லை.

அறவே இல்லையென்றும் சொல்ல முடியாது. வலப்பக்கத்தில் அன்புராசாவின் ஆட்கள் பதினெட்டுப் பேர் இருந்து மட்டன் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கத்தில் இரத்தினவேலர் தன் ஆட்களுக்கென்று வரிசைகட்டிப் போட்ட முப்பத்திநாலு கதிரைகளும் வெறுமையாகக் கிடந்தன. ஒன்றில் மட்டும் அவர் மனைவி சந்திரவதனாவின் குளிர்க்கோட்டு உட்கார்ந்திருந்தது.

புலம்பெயர்ந்த தமிழர் வெக்ஸ்போர்ட்டில் கூடும் தென்றல் முதியோர் மன்றத்தின் தலைவர் பதவிக்கு அவர் நிற்பது இது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் அன்புராசாவிடம் ஒரு வாக்கிலும் இரண்டு வாக்கிலும் தோற்றவர். வயது எழுபத்தாறு. ஐந்தாவது தடவைக்கு இதயம் இடம்கொடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தான் இடம்கொடேன் என்று மனைவி சொல்லிவிட்டார்.

ஆனால் இந்தமுறை அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. மார்ச்சில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளு, நவம்பரில் பின்னுக்கு இழு என்று அரசாங்கம் ஆட்டுவிக்கும் கூத்தை எதிர்ப்பது. போன நவம்பரில் டோர்செட் பார்க் மாடிக்கட்டடத்தில் ஒருவர், குசினி மணிக்கூட்டில் ஏழுக்கு ஒன்றும் ஹோல் மணிக்கூட்டில் ஏழுக்கு ஒன்றுமாக இரண்டு பிறஷர் குளிசை விழுங்கினார். இரண்டு நாளாக யார் எதைக் கேட்டாலும் "ஓம், ஓம்" என்று தலையாட்டித் திரிந்து, கடைசியில் வீட்டையே மகனின் பெயருக்கு எழுதிவிட்டார். இந்தக் கதையைச் சொல்லியே இரத்தினவேலர் கட்சி சேர்த்தார்.

வெள்ளிக்கிழமைதான் முப்பத்திநாலு பேரும் சத்தியம் செய்தார்கள். சைவக்காரர் கற்பூரத்தை அணைத்தார்கள். வேதக்காரர் செபமாலையைத் தொட்டார்கள். "தலைவர் சொன்னதில ஒரு சொல் பிசகமாட்டம்" என்று பேர்ணடெற் எல்லோருக்குமாகச் சொன்னார்.

"பத்தேகாலுக்குக் கதவு பூட்டுவன்" என்றார் தேர்தல் அதிகாரி றோய் மாஸ்ரர். ஊரில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். கையில் பச்சைக்கொடி இல்லாததுதான் குறை. "பிறகு ஆர் வந்தாலும் வாக்கில்லை."

அன்புராசா ரோல்ஸைக் கையில் பிடித்தபடியே திரும்பினார். "என்ன அண்ணை, உங்கட சனம் அந்தத் தொங்கல் பிறம்ரனைச் சுத்தி வருகுதோ?"

இரத்தினவேலர் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

"பேர்ணடெற், எங்க நிக்கிறியள்?"

"வீட்டதான் தலைவர். இப்பதான் தேத்தண்ணி ஊத்திறன்."

"தேத்தண்ணியோ? உடன வெளிக்கிடுங்கோ!"

"ஏன் அந்தரப்படுறியள்? சொன்ன நேரத்துக்கு எல்லாரும் நிப்பம்."

போன் வைக்கப்பட்டது. அடுத்தவர் குளிக்கப் போவதாகச் சொன்னார். அதற்கடுத்தவர் இன்னும் படுக்கையில் கிடப்பதாக அவருடைய மனைவி சொன்னார். இரத்தினவேலருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வீடு வீடா ரோல்ஸ் போயிருக்கப்பா" என்றார் மனைவியிடம். "செபமாலையைத் தொட்ட கையாலயே வாங்கித் திண்டிருக்கினம்."

பத்தேகாலுக்கு றோய் மாஸ்ரர் கதவைப் பூட்டினார். வாக்குகளை எண்ண ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை. அன்புராசாவுக்குப் பதினெட்டு, இரத்தினவேலருக்கு இரண்டு.

"ரெண்டாவது என்ர" என்றார் சந்திரவதனா, யாரும் கேளாமலே.

வெற்றியுரை, நன்றியுரை, இன்னொரு சுற்று ரோல்ஸ் எல்லாம் முடிந்தபின் இரத்தினவேலர் மேடையேறினார்.

"நான் தோக்கேல்லை. என்னைச் சேர்ந்ததுகளே வித்துப்போட்டுதுகள். மூண்டு தரம் எதிரியிட்டத் தோத்தனான், அது நோகேல்லை. இது நோகுது. இனி இந்த மன்றத்தின்ர படி மிதிக்கமாட்டன்!"

அன்புராசாவின் பக்கத்திலேயே ஒரு பெண்மணி, ரோல்ஸ் சுற்றிவந்த பேப்பரால் கண்ணைத் துடைத்தார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. றோய் மாஸ்ரர் திறந்தார்.

லோறன்ஸ் வீதி பஸ்ஸில் வந்திறங்கி, சப்பாத்திலிருந்த பனியை உதறியபடி ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். முப்பத்திநாலு பேர், ஒருவர் குறையவில்லை. முன்னால் பேர்ணடெற், கையில் ரோசாப்பூ மாலையோடு.

"வாருங்கோ துரோகியளே" என்றார் இரத்தினவேலர். "எல்லாம் முடிஞ்சபிறகு மாலை ஆருக்கு?"

பேர்ணடெற் திகைத்துப்போனார். "என்ன முடிஞ்சது? பத்துக்கு இன்னும் ஒரு நிமிசம் கிடக்கு!"

முப்பத்திநாலு இடக்கைகள் ஒன்றாக உயர்ந்தன. எல்லாவற்றிலும் பத்துக்கு ஒரு நிமிடம்.

"ராத்திரி ஊரெல்லாம் மணிக்கூட்டைத் தள்ளி வைச்சாலும் நாங்கள் தொடக்கூடாது, போனிலயும் நேரம் பாக்கக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினனீங்களெல்லே? ஒருத்தரும் தொடேல்லை தலைவர்."

சுவரில் பதினொன்றுக்கு ஒரு நிமிடம். றோய் மாஸ்ரர் சுவரைப் பார்த்தார். பிறகு, ஒன்பதே முக்காலுக்கே வந்து கதிரை அடுக்கிய இரத்தினவேலரைப் பார்த்தார். இரத்தினவேலர் சேட்டுக் கையை மெதுவாக மணிக்கட்டுக்கு மேலால் இழுத்துவிட்டார்.

பேர்ணடெற் மாலையைக் கீழே இறக்கினார்.

"தலைவர், உங்கட மணிக்கூட்டை ஒருக்காக் காட்டுங்கோ."