கடன் வாங்கிக் கழித்தல்

கிளிநொச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொண்டர் ஆசிரியர்களுக்கான சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. இன்று அமராவதி ரீச்சர். மற்ற ஆசிரியர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்கிறார்கள். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே பக்கத்து அக்கராயனுக்கு வந்தவள் அவள். இன்றைய பாடம் சரிவந்தால்தான் நிரந்தர நியமனத்துக்குப் பெயர் போகும். விரிவுரையாளர் பின்னால் பேனையோடு இருக்கிறார். அரைச்சுவருக்கு மேலால் விழும் வெயிலில் சோக்குத்தூள் மிதக்கிறது. கரும்பலகையில் நாற்பத்திரண்டு, அதன் கீழே பதினேழு. மேசையில் பத்துப் பத்தாகக் கட்டிய தென்னை ஈர்க்குகள், பக்கத்தில் உதிரியாக இரண்டு. சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க இருக்கும் மீசைக்காரத் தவராசா கையை உயர்த்துகிறார். “ரீச்சர், ரெண்டிலை ஏழு போகாதே!” எல்லோரும் சிரிக்கிறார்கள். “போகாது தம்பி. இங்க வா, ஒரு கட்ட அவுத்துப் போடு.” வயதில் மூத்தவரை ‘வா’ என்று சொல்ல அவளுக்கு நாக்குக் கூசுகிறது. அவர் பிள்ளைபோலத் துள்ளி வந்து கட்டை அவிழ்க்கிறார். பத்து ஈர்க்கும் இரண்டோடு கலந்து பரவுகின்றன. ஏழு ஈர்க்கை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தபடி நிற்கிறார். முகத்தில் இப்போது நடிப்பு இல்லை.

“இதுதானோ கடன் வாங்கிறது?” குரல் தாழ்கிறது. “நாலு வருசமாப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறன். அந்தப் பத்து எங்கையிருந்து வருகுதெண்டு எனக்கே தெரியாது.”

யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனை நிற்கிறது. வெளியே உழவு மெசின் ஒன்று இரைந்து போகிறது. முன்வரிசையில் இருந்து பத்மாசனி மெல்லக் கை நீட்டுகிறாள். “ரீச்சர், எனக்கும் ஒரு கட்டுத் தாங்கோ.” அவளுக்குப் பின்னால் இன்னும் சில கைகள் நீள்கின்றன.

“எல்லாருக்கும் இருக்குங்க,” என்கிறாள் அமராவதி. “அவுத்துப் பாருங்க.”