பானெட் மட்டும் வேண்டாம்

"கத்துங்கப்பா! இன்னும் நல்லா கத்துங்க!"

அஷ்வின் காரின் கண்ணாடியில் காதை ஒட்டிவைத்திருந்தான். உள்ளே, இறுக மூடிய கதவுக்குப் பின்னால், அவனுடைய அப்பா சுவாமிநாதன் கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை.

யாரும் போலீசுக்குப் போன் செய்ய வேண்டாம். காரைக்காலில், நசீம் பாயின் கார் அலங்காரக் கடையில் நடந்த சோதனை அது. கதவு, கூரை, தரை எல்லாவற்றையும் பிரித்து, மூன்று நாளாக ரப்பர் ஷீட்டும் பஞ்சும் ஒட்டி முடித்திருந்தார் பாய்.

"சோதனைன்னா நீங்க உள்ள உக்காரணும் தம்பி. நான் வெளில நின்னு ஹாரன் அடிக்கணும்."

"உள்ளேர்ந்து வெளில வரலன்னா, வெளிலேர்ந்து உள்ளயும் போவாதுல்ல பாய்?"

நியாயம்தான். பையன் பிடெக் படித்தவன்.

கதவைத் திறந்ததும் சுவாமிநாதன் இருமிக்கொண்டே இறங்கினார். முதல் இருமலில் கடையின் ஷட்டர் அதிர்ந்தது. இரண்டாவதில், எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எம் மவ பாண்டில இருக்கு பாய். பாத்து மூணு வருசமாச்சு. பஸ் இரைச்சல்ல எனக்கு மண்டையே வெடிச்சிடும். அதுக்காவத்தான் புள்ள இவ்ளோ செய்யிறான்."

கையில் மஞ்சள் பை வைத்திருந்தார். மகளுக்கு ஒரு பொட்டலம் சென்னாக்குனிக் கருவாடு; அவருக்கு ஒரு மாற்று வேட்டி. மூன்று நாளாக அந்தப் பையோடுதான் கடைக்கு வந்துபோகிறார்.

"வீட்ல வேற யாரு அய்யா?"

"மருமவ அம்மா வூட்லேர்ந்து கைப்புள்ளயோட வெள்ளிக்கிழம வருது. எம் ரூமுலதான் தொட்டில் கட்டியிருக்கான். அந்த நேரம் நானும் மவ வூட்டுக்குப் போயிட்டா தோதா இருக்கும்ல?"

"குடுத்து வச்சவரு அய்யா நீங்க" என்றார் நசீம். அவருடைய மகன் துபாயிலிருந்து மாதத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறான்.

அந்த ஏக்கத்தில் பாய்க்கு மனசு இளகிவிட்டது. "தம்பி, பானெட்டுக்கும் ஒரு ஷீட் சும்மாவே ஒட்டித் தர்றேன். பாதிச் சத்தம் இஞ்சின்லேர்ந்துதான் வருது."

"வேணாம் பாய்."

"டயருக்கு மேலயாவது?"

"அதுவும் வேணாம். நீங்க செஞ்சதே போதும்."

ஸ்டார்ட்டிங் கோளாறு என்று சொல்லி, லோடு ஆட்டோவில் கட்டி இழுத்து வந்திருந்த கார் அது. இஞ்சின் நம்ம வேலை இல்லை என்று பாயும் இதுவரை திறந்து பார்த்ததில்லை.

சுவாமிநாதன் மறுபடி ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே சீட் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். அஷ்வின் கதவைச் சாத்தினான்.

பாய்க்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு பெரியவர் மூன்று மணி நேரம் இஞ்சின் இரைச்சலில் போவதாவது! ஷீட்டும் கையுமாக வந்து, அஷ்வின் "பாய், பாய்" என்று தடுப்பதற்குள் பானெட்டைத் தூக்கிவிட்டார்.

உள்ளே கடையின் சிமென்ட் தரை தெரிந்தது.

"என்ன தம்பி இது? இஞ்சினையே காணும்!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவாமிநாதன் குலுங்கிக் குலுங்கி இருமினார். ஒரு சத்தமும் இல்லை. அஷ்வின் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். இருமலுக்கு நடுவே அவரும் சிரித்துக்கொண்டே உயர்த்தினார்.

"அப்பா ரூமுக்கு எதுக்கு பாய் இஞ்சின்?"